ஐஸ் போட்டதும் கலங்கிய பேர்பன்

என் மூக்கு செத்துப்போய் நான்கு வருடமாகிறது. கொரோனாக் காலத்தில் எனக்கும் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை படுத்தேன், எழும்பினேன், தப்பிவிட்டேன் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். பிறகு ஒரு நாள் காலையில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். குளித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையில் துவாயோடு ஓடிவந்து அடுப்பை நிறுத்தினாள். பால் பொங்கி வழிந்து, கருகி, சட்டி அடிப்பிடித்திருந்தது.

"என்னங்க, பால் எரியிறது மணக்கல்லையா?"

"பேப்பர்ல ஒரு விசயம் வாசிச்சிட்டிருந்தன்."

அதுதான் முதற்பொய். அதற்குப் பிறகு சொன்னவற்றுக்குக் கணக்கில்லை.

அவளுக்குத் தெரியாமல் காது மூக்கு தொண்டை டொக்டர் ஒருவரிடம் போனேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லையாம். உப்பு, புளி, இனிப்பு, கசப்பு எல்லாம் முன்போலவே தெரியும், உறைப்பு சுடும். மணம் மட்டும் கிடையாது. மணம் போனால் சாப்பாட்டில் என்ன மிஞ்சும் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். ஆட்டிறைச்சிக் கறிக்கும் பலாக்காய்க் கறிக்கும் எனக்கு இப்போது பல்லில் அகப்படுகிற விதத்தில்தான் வித்தியாசம்.

இதை ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். வேறு ஒருவனாக இருந்திருந்தால் அன்றைக்கே பத்துப் பேரிடம் சொல்லி அழுதிருப்பான். நான் முப்பத்தொரு வருடம் கொழும்புக் கோட்டையில் ஒரு பெரிய ஹோட்டலின் ஸ்டோர்ஸில் வேலை செய்தவன். அங்கே வருகிற குடிவகைகள் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் பாருக்குப் போகும். மூடியைத் திறந்து ஒரு தரம் மூக்கைக் காட்டினால் போதும், எந்த நாட்டுச் சரக்கு, என்ன மரப்பீப்பாயில் கிடந்தது, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று சொல்லிவிடுவேன். வெள்ளைக்கார மனேஜரே என்னைக் கூப்பிட்டு மணக்கச் சொன்ன நாட்கள் உண்டு. அந்தப் பெருமையில்தான் ஆயுள் முழுக்க நிமிர்ந்து நடந்தேன். என்னிடம் வேறு பெருமை இல்லை. காசு சேர்க்கவில்லை, பெரிய படிப்பும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மூக்கு இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாபாரம் நடந்தது. பழைய ஹோட்டல் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு போத்தலின் படத்தைப் போட்டு "சேர், இது எப்படி?" என்று கேட்பார்கள். நான் குடித்துப் பார்த்து நாலு வரி எழுதுவேன். காய்ச்சலுக்குப் பிறகு குடித்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லாமற் போய்விட்டது. ஆனாலும் எழுதினேன். பழைய நினைவிலிருந்து கொஞ்சம் கித்துள் மரத்து இனிப்புப் பாணி, கொஞ்சம் கிறிஸ்மஸ் லவ் கேக், கொஞ்சம் நனைந்த பலகை என்று எடுத்துத் தூவிவிடுவேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. "அச்சொட்டாச் சொல்லீட்டீங்க சேர்" என்று கைதட்டுகிற படங்கள் வந்து விழும். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போகும். வெட்கமில்லாதவன்.

வீட்டிலும் அதே நாடகம்தான். என் மனைவியின் தம்பி கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். துறைமுகத்தில் கப்பல் கொள்கலன்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து நாங்கள் அங்கேதான் சாப்பிடப் போவோம். அன்றைக்கு அவனே சமைப்பான், பெண்களைக் குசினிக்குள் விடமாட்டான். கறி இறக்குவதற்கு முன் அகப்பையில் கொஞ்சம் குழம்பை எடுத்து, கீழே கையை ஏந்திக்கொண்டு, முன் அறையில் இருக்கிற என்னிடம் வருவான்.

"அத்தான், உப்புப் பாருங்க."

இருபது வருடத்துக்கு மேலாக இதே வழக்கம். நான் பார்த்துச் சரி என்று தலையாட்டினால்தான் சட்டி மேசைக்கு வரும். அவனுடைய மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அகப்பையைத் தான்தான் கொண்டுவருவேன் என்று அழுதிருக்கிறாள். உப்பு எனக்கு இப்போதும் தெரியும் என்று சொன்னேனே, அதனால் அந்த ஒரு வேலையை மட்டும் இந்த நான்கு வருடமும் நேர்மையாகச் செய்துவந்தேன். அதோடு நிறுத்தாமல் "கறுவா நல்லா வந்திருக்கு", "ரம்பை இலை கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சேர்த்துச் சொன்னது என் வாய்க்கொழுப்பு.

மச்சானைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவனுக்கு இருபத்துமூன்று வயதாக இருக்கும்போது ஒரு கூட்டாளியின் த்ரீவீலரில் ஒரு சாக்கு வெறும் போத்தல்களோடு போய்ப் பொலிஸில் மாட்டிக்கொண்டான். அந்தக் கூட்டாளி வெளிநாட்டு விஸ்கிப் போத்தல்களில் உள்ளூர் ஸ்பிரிட்டை நிரப்பி விற்கிறவன். தனக்கு அது தெரியாது என்றான் மச்சான். பொலிஸும் அடுத்த நாளே விட்டுவிட்டது, வழக்கும் இல்லை. ஆனால் ஊர் விடுமா? கொஞ்சக் காலம் "போத்தல்காரன்" என்றே கூப்பிட்டார்கள். அதன் பிறகு அவன் ஒரு துளி தொட்டதில்லை. அவன் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு போத்தல் போனதுமில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக்கூட எங்களுக்கு இஞ்சிச் சோடாதான்.

அப்படிப்பட்டவன் சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் எனக்குக் கோல் எடுத்து, தன்னிடம் ஒரு விஸ்கிப் போத்தல் இருக்கிறது என்றான். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள்.

"கப்பல்ல வாற பிலிப்பீன்காரன் ஒருத்தன் தந்தது, அத்தான். ரெண்டாம் இன்ஜினியர். போன முறை அவனுக்கு வயிறு வெடிக்கிற மாதிரி வருத்தம் வந்து நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன். ரெண்டு நாள் பக்கத்திலயே இருந்தன். திரும்பி வரக்குள்ள இதக் கொண்டுவந்தான். அமெரிக்காச் சரக்காம், பேர்பன் எண்ட விஸ்கியாம், லேசில கிடைக்காதாம். துறைமுகக் கேற்றுல காட்டித் துண்டு எழுதித்தான் வெளிய எடுத்தன். மகள்ட நாளுக்கெண்டு அல்மாரியில வச்சிருக்கன்."

"அப்ப வையன் மேசையில."

"எனக்கு இதப் பத்தி ஒண்டும் தெரியாது. நீங்க குடிச்சுப் பார்த்து அவங்களுக்கு முன்னால நாலு வார்த்தை சொன்னா எனக்கு ஒரு மரியாதை. அவங்களும் பழைய கதை கேள்விப்பட்டிருப்பாங்க."

அவன் கேட்டது அவ்வளவுதான். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் தன் வீட்டுப் போத்தல் நல்ல போத்தல் என்று ஒரு வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "லேபலை எனக்குக் காட்டாத. பேப்பர்ல சுத்தி வை. பார்க்காமச் சொன்னாத்தான் அது சொல்லு" என்றேன். ஹோட்டல் காலத்துப் பழக்கம் அது, பெயரைப் பார்த்து மயங்காமல் இருப்பதற்கு. செத்த மூக்கை வைத்துக்கொண்டு எனக்கு அந்தப் பகட்டும் தேவைப்பட்டது.

அந்த ஞாயிறு மத்தியானம் மேசையில் நாலு பேர் இருந்தோம். நான், மச்சான், மாப்பிள்ளையின் தகப்பன், மாப்பிள்ளையின் தாய்மாமன். தகப்பன் வெள்ளவத்தையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். யாழ்ப்பாணத்துப் பக்கம், அமைதியான மனிதர், ஒரு வார்த்தை சொல்ல முன் இரண்டு தரம் யோசிப்பவர். தாய்மாமன் அதற்கு நேர்மாறு. பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள். மச்சானின் மகள் குசினி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போத்தலை ஞாயிறு பேப்பரில் சுற்றி, இரண்டு இடத்தில் றப்பர் போட்டுக் கட்டியவளும் அவள்தான்.

நான் நாலு கிளாஸ் கேட்டு, மூன்றில் அளவாக ஊற்றினேன். மச்சானுக்கு இஞ்சிச் சோடா. யன்னல் வெளிச்சத்தில் கிளாஸைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல செம்மண்ணிறம். சுழற்றினேன், கண்ணாடியில் வழிந்து இறங்குவது மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தேன். பிறகு வாயைக் கொஞ்சம் திறந்தபடி மூக்கைக் கிளாஸுக்குள் வைத்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சூடு மட்டும் மூக்குத்துவாரத்தைச் சுட்டது. குடித்தேன். இனிப்புக் கொஞ்சம், கசப்புக் கொஞ்சம், பிறகு தொண்டை முழுக்க நெருப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு சொட்டு வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "வட்டிலப்பம் மாதிரி ஒரு இனிப்பு வாசம் வருது, என்னண்ணை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. இரும்புச் சாமான் விற்கிறவருக்கு மணக்கிறது, எனக்கு மணக்கவில்லை. அந்த எரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். "பொறுங்க, பொறுங்க" என்றேன்.

அதற்குள் தாய்மாமன் எங்கள் ஆட்களின் வழக்கப்படி கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, மேலே தண்ணீரும் ஊற்றினார். அது கலங்கியது. கண்ணுக்கு முன்னாலேயே, தெளிவாக இருந்தது ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிவிட்டது. அவர் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "இதென்ன, அரிசி கழுவின தண்ணியோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

பல வருடத்துக்கு முன் எங்கள் ஹோட்டல் பாரில் இதே போல ஒரு கிளாஸ் கலங்கியது. எதையோ கலந்து போத்தலை நிரப்பியிருக்கிறார்கள் என்று நான்தான் பிடித்தேன். பார்மன் வேலையை விட்டுப் போனான். மூக்கு ஒன்றும் சொல்லாத அந்த நேரத்தில் அந்தப் பழைய கிளாஸ் ஞாபகத்துக்கு வந்து என்னைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்றுதான் அப்போது நினைத்தேன். சுடுகிறது, கலங்குகிறது, எனக்குத் தெரிந்தது போதும்.

"இது பேர்பனே இல்ல" என்றேன். குரல் பழைய ஸ்டோர்ஸ் குரல். "ஸ்பிரிட்டுக்கு சீனியை எரிச்சு நிறம் குடுத்திருக்காங்க. நல்ல சரக்கு ஐஸுக்குக் கலங்காது. யாரோ போத்தலை நிரப்பியிருக்காங்க."

நிரப்பியிருக்கிறார்கள். அந்தச் சொல் வாயிலிருந்து போன பிறகுதான் அது யாருடைய வீட்டில் சொல்கிற சொல் என்று உறைத்தது. தாய்மாமன் சிரித்துக்கொண்டே, "கொட்டாஞ்சேனையில போத்தல் நிரப்பிற ஆக்கள் இன்னும் இருக்கினமோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் தன் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

மச்சான் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நான் சொன்னதை அப்படியே நம்பிய பார்வை அது. எழும்பினான், போத்தலைக் கழுத்தில் பிடித்து எடுத்தான், மகளைத் தாண்டிக் குசினிக்குள் போனான். சிங்கில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. முழுப் போத்தலும் ஊற்றி முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்க, சம்பந்தி. எனக்குத் தெரியாது" என்றான்.

"அதுக்கென்ன, பரவாயில்லை" என்றார் அவர். நாள் குறித்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். கலியாணப் பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு மச்சான் மற்றவர்களுக்குப் பரிமாறினானே தவிரத் தான் சாப்பிடவில்லை. மகள் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தபோது கண் சிவந்திருந்தது. த்ரீவீலரில் திரும்பி வரும்போது என் மனைவி ஒன்றைத்தான் கேட்டாள்.

"அத அவன்ட காதுக்குள்ள சொல்லியிருக்கலாமே?"

"பொய் சொல்லச் சொல்றியா?" என்று அவள்மேல் பாய்ந்தேன். உண்மையின் காவலன் மாதிரி.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல கண்ணாடிப் போத்தல் என்றால் எறியமாட்டார்கள், கழுவிக் குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர் வைப்பார்கள். அந்தப் போத்தல் தடித்த கண்ணாடி, கோர்க் மூடி. மச்சான் அதைக் குப்பையில் போட்டிருக்கிறான், என் மனைவி பேப்பரைக் கழற்றிவிட்டு எடுத்து வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. மூன்றாவது கிழமையோ நாலாவது கிழமையோ, காலி வீதிக் கடைக்குப் போய் வெயிலில் வந்து, தண்ணீர் குடிக்க அதைக் கையில் எடுத்தேன். நல்ல பாரம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபலை வாசித்தேன்.

அறுபத்துமூன்று வீதம் அல்கஹோல் என்று முன்பக்கம் போட்டிருந்தது. நெருப்பு அதனால்தான். பின்பக்கம் சின்ன எழுத்தில், பீப்பாயிலிருந்து எடுத்தபடி, தண்ணீர் சேர்க்காமல், குளிரவைத்து வடிகட்டாமல் அடைத்தது என்றும், ஐஸோ தண்ணீரோ சேர்த்தால் கலங்கலாம், அது இயல்பு என்றும் எழுதியிருந்தது. குளிரவைத்து வடிகட்டினால் மரத்திலிருந்து இறங்கிய எண்ணெய்த்தன்மை போய்விடும், விஸ்கி எப்போதும் தெளிவாக இருக்கும். வடிகட்டாவிட்டால் கலங்கும், ஆனால் ருசி அதிகம். எங்கோ வாசித்த விஷயம்தான் அது. எங்கள் ஹோட்டலுக்கு வந்ததெல்லாம் வடிகட்டிய சரக்கு என்பதால் மறந்தே போனேன். வடிகட்டாத சரக்கைக் கையில் எடுத்த முதல் நாளே கலங்கியதற்காக அதைக் கள்ளச் சரக்கு என்றேன்.

லேபலின் ஓரத்தில் பேனாவால் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. தண்ணீர் பட்டுப் பாதி அழிந்திருந்தது. என் சகோதரனுக்கு, உன் மகளின் நாளுக்கு, என்று அந்தப் பிலிப்பீன்காரன் எழுதியிருந்தான். பேப்பரில் சுற்றச் சொல்லாமல் இருந்திருந்தால் மேசையில் இருந்த எல்லோரும் அதை வாசித்திருப்பார்கள்.

போத்தலைத் திருப்பி வைத்தேன். கதவைச் சாத்தினேன். பிறகு திறந்து இன்னொரு தரம் வாசித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "கோர்க்கு இன்னும் என்ன வாசம் பாருங்க, கேக் மாதிரி. எவ்வளவு கழுவியும் போகல்ல" என்று பின்னால் நின்று மனைவி சொன்னாள். நான் கோர்க்கை மூக்கில் வைத்து, "ஓம்" என்றேன். அப்போதும் பொய்தான் வந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன், உப்புப் பார்த்தேன், சாப்பிட்டேன், வந்தேன். கலியாணம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பழைய பார்மனும் ஞாபகத்துக்கு வரத் தொடங்கினான். அன்றைக்கு மூக்கு இருந்தது, மணந்துதான் சொன்னேன், அது சரியான தீர்ப்புத்தான். அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அவன் "சேர், நான் செய்யல்ல" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் ஒரு புதன்கிழமை பின்னேரம், மச்சானுக்கு வேலை இல்லாத நாள், தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவன் முன் அறையில் கலியாணக் கார்ட்டுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவனே தொடங்கினான்.

"அந்தக் கப்பல் போன கிழமை வந்தது, அத்தான். அவன் மூணு தரம் கோல் எடுத்தான். நான் எடுக்கல்ல. கேற்றுக்கும் வந்து நிண்டிருக்கான், நான் மற்றப் பக்கத்தால போயிட்டன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்தனே, எனக்கு இப்படிச் செஞ்சிட்டானே எண்டு நினைக்க நெஞ்சு எரியுது. நீங்க இல்லாட்டி நான் அவனக் கூட்டாளி எண்டே நினைச்சிருப்பன்."

கதிரையில் இருந்தபடியே சொன்னேன். பால் எரிந்ததிலிருந்து லேபல் வரை, ஒன்றையும் விடாமல். அவன் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் முடித்ததும் பெயர் எழுதிய கார்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"நாலு வருசமா?"

"ஓம்."

"அக்காக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அண்டைக்கு அவங்களுக்கு முன்னால சொன்னீங்க" என்றான். குரல் ஏறவில்லை. "இத மட்டும் ஏன் அத்தான் எனக்குத் தனியா வந்து சொல்றீங்க?"

முகத்தைக் கழுவப் போவது போல எழும்பிப் போனேன். திரும்பி வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூப்பிடு என்றேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "அப்ப நான் சமைச்சதெல்லாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே மேசை, அதே நாலு கதிரைகள். வெறும் போத்தலையும் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். எனக்கு மணம் தெரியாது, நான்கு வருடமாகத் தெரியாது, இந்தப் போத்தலில் ஒரு பிழையும் இல்லை, பிழை என்னில்தான், இந்த வீட்டில் யாரும் எதையும் நிரப்பவில்லை என்று சொன்னேன். தாய்மாமன் சிரிக்கவில்லை. போத்தலை எடுத்து அந்தப் பேனா எழுத்தை வாசித்துவிட்டுத் தகப்பனிடம் கொடுத்தார்.

அவரும் வாசித்தார். இரண்டு தரம் யோசித்திருப்பார். பிறகு, "அண்டைக்கு எனக்கு அது நல்லாத்தான் இருந்தது, அண்ணை" என்றார். "என்ட சீவியத்தில அப்பிடி ஒண்டு நான் குடிச்சதில்லை. நீங்கள் பிழை எண்டு சொன்னாப்பிறகு, எனக்கென்ன தெரியும், என்ட வாய்தான் பிழையாக்கும் எண்டு நினைச்சு வைச்சிட்டன்." பிறகு மச்சானைப் பார்த்து, "மிச்சம் கொஞ்சமும் இல்லையோ, சம்பந்தி?" என்று கேட்டார்.

"இல்ல. ஊத்திட்டன்."

"அநியாயம்" என்றார்.

மச்சானின் முகம் கொஞ்சம் தெளிந்தது. குசினி வாசலில் நின்ற மகள் உள்ளே போனாள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தாய்மாமன்கூடத் தன் மூக்குக்கும் காய்ச்சலோடு பத்து நாள் அப்படி இருந்தது என்று ஆறுதலாக ஏதோ சொன்னார். மச்சான் அன்றைக்கே பிலிப்பீன்காரனுக்குக் கோல் எடுக்கப் போவதாகச் சொன்னான். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அவன் குசினிக்குள் போனான். மூடி திறக்கிற சத்தம், கரண்டிச் சத்தம். அகப்பையில் குழம்பு எடுத்து, கீழே கையை ஏந்திக்கொண்டு வந்தான். நான் பழக்கத்தில் கதிரையில் நிமிர்ந்து, கையையும் நீட்டிவிட்டேன். அவன் என்னைத் தாண்டி மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய்க் குனிந்தான்.

"சம்பந்தி, உப்புப் பாருங்க."

அவர் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். நீட்டிய கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டேன். உப்பு எனக்கு இப்போதும் தெரியும். சோறு வந்தது, கறி வந்தது. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, உப்புக் கொஞ்சம் குறைவு. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.